ஹொய்சளா நம்பர் என்ன?

எங்கள் ஊரில் போலீஸ் ரோந்து காரை யாரும் ரோந்து கார் என்று சொல்வதில்லை. ஹொய்சளா என்றுதான் சொல்வோம். "ஹொய்சளாவுக்கு போன் போடு", "கார்னர்ல ஹொய்சளா நிக்குது, ஹெல்மெட்ட மாட்டு" என்று பேசிக்கொள்வோம். பெங்களூருக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டு முதலில் விழிப்பார்கள். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஆண்ட ஓர் அரச வம்சம் சிக்னலில் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் புரியும்?

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஹொய்சளர் பாடத்தை எப்போதும் அந்தக் காரிலிருந்துதான் ஆரம்பிப்பேன். காட்டுக் கோயிலில் ஒரு குரு பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். புலி பாய்கிறது. குரு தன் மாணவன் சளனைப் பார்த்து, "ஹொய், சளா!" என்று கத்துகிறார். பழைய கன்னடத்தில் "அடி, சளா!" என்று அர்த்தம். அவன் அடிக்கிறான், புலி சாகிறது, அவன் வம்சத்துக்கு அதுவே பெயராகிறது. கதைதான், ஆனால் பேலூர் கோயில் வாசலில் அந்தச் சிலை இருக்கிறது. தமிழ்ப் புத்தகங்களில் இவர்களே போசளர். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "அடின்னு அர்த்தமா மேடம்? அப்ப போலீஸ் வண்டிக்குச் சரியான பேருதான்." வகுப்பே சிரித்தது. நானும்தான்.

இந்தப் பெயர்களில் எனக்கு ஆசை வந்தது மகளால். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து அவள் பள்ளிக்கூடம் அல்சூர் ஏரியைத் தாண்டிப் போகவேண்டும். ஏழு வயதில் அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. வழியில் பார்க்கிற போலீஸ் வண்டிகளை எல்லாம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவாள். ஹொய்சளா நாலு, சீட்டா ரெண்டு, ஜீப் ஒண்ணு. சீட்டா என்பது இரண்டு பேர் போகிற ரோந்து பைக். எழுதியதோடு விட்டாளா? ஏன் சீட்டா, ஏன் ஹொய்சளா, அப்பா ஏன் ரோந்து என்கிறார், பக்கத்து வீட்டு ஆண்ட்டி ஏன் கஸ்து என்கிறார் என்று கேள்வி மேல் கேள்வி. நான் அகராதியைப் புரட்டினேன். சீட்டா சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது, புள்ளி போட்டது என்று அர்த்தம். ரோந்து என்பதைச் சிலர் போர்த்துகீசியரின் ரோந்தா என்கிறார்கள், சிலர் ஆங்கில ரவுண்டு என்கிறார்கள். கன்னடக்காரர்களின் கஸ்து பாரசீகத்திலிருந்து வந்தது, சுற்றிவருவது. எல்லாச் சொல்லும் எங்கிருந்தோ சுற்றிவந்து இங்கே நின்றிருக்கிறது.

"எல்லாமே சுத்தறதுதான். அப்போ நீதாம்மா ஹொய்சளா," என்றாள் அவள். "தூங்கறப்ப கூட ரூமுக்கு வந்து வந்து பாக்கற."

அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. நான் வராந்தாவில் நடக்கும் சத்தம் கேட்டால் அப்பாவும் மகளும் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "ஹொய்சளா வருது, ஹொய்சளா வருது" என்பார்கள். கோபம் வந்ததில்லை. நான் கவலைப்படுகிற ஜாதி. கதவு தட்டப்பட்டால் தந்தி என்று நினைத்த காலத்தில் வளர்ந்தவள். அதைக் கிண்டல் செய்யவாவது வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று இருக்கும்.

மகள் படித்து முடித்து எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்தபோது என் கவலை ஒரு முழுநேர வேலையாக மாறியது. காலை ஏழரைக்குக் கம்பெனி காப் வரும். டிரைவர் யார், கூட யார் வருகிறார்கள், எந்த வழி, எல்லாம் எனக்குத் தெரியவேண்டும். ஒருநாளைக்கு ஐந்து முறை போன் செய்தேன். இரண்டாவது வாரம் அவளே ஓர் ஏற்பாடு சொன்னாள்.

"அம்மா, பீட் போலீஸ்காரங்க பாயின்ட் பாயின்ட்டா போய்க் கையெழுத்துப் போடுவாங்க இல்ல? நானும் அதே மாதிரி மூணு பாயின்ட்ல மெசேஜ் போடறேன். டொம்லூர் தாண்டினதும் ஒண்ணு, சில்க் போர்டுல ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு. பதிலுக்கு நீ போன் பண்ணக் கூடாது. டீல்?"

"டீல்," என்றேன். பேரம் எனக்குச் சாதகம் என்று நினைத்தேன்.

எட்டு மாதம் ஒருநாள் தவறவில்லை. ஏழு ஐம்பதுக்கு "பாயின்ட் ஒண்ணு ஓகே." எட்டு இருபதுக்கு "பாயின்ட் ரெண்டு ஓகே." எட்டு ஐம்பதுக்கு "ஆபீஸ் வந்தாச்சு மா. ஓவர்." சில்க் போர்டு நெரிசல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மழை நாளில் அங்கே ஒரு மணி நேரம் நிற்கலாம். அப்படியும் மெசேஜ் எட்டு இருபதுக்கே வந்ததே என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. நிம்மதி கிடைத்துவிட்டால் மனுஷி கணக்குப் பார்ப்பதில்லை.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் கல்லூரி ஆசிரியர் அறையில் இருந்தேன். எட்டு ஐம்பதுக்கு மெசேஜ் வந்தது. "ஆபீஸ் வந்தாச்சு மா. ஓவர்." போனைக் கீழே வைக்கப் போகும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

ஓர் ஆண் குரல், கன்னடத்தில். "மேடம், நான் போலீஸ் பேசறேன். உங்க மகளுக்கு பொம்மனஹள்ளி ஜங்ஷன்ல ஆக்சிடெண்ட். பயப்படாதீங்க..."

இதைப் படிக்கிறவர்களுக்கு அப்போது எங்கள் அறை எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். போலி போலீஸ் போன்கள்தான் தினமும் பேச்சு. உங்கள் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, உங்கள் மகன் ஸ்டேஷனில் இருக்கிறான், இப்படி ஆரம்பித்து நாள் முழுக்க வீடியோ காலில் உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் சக ஆசிரியை ஒருவரே அப்படி மாட்டி அழுதிருந்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான்தான் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜப் போலீஸ் என்றால் ஹொய்சளா நம்பர் கேளுங்கள், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நம்பர் உண்டு, நிஜமானவர் உடனே சொல்வார், போலி முழிப்பான். போலீஸ் வண்டிகளைப் பற்றி இந்த அறையில் என்னைவிடத் தெரிந்தவர் யார்?

"என் மகள் ரெண்டு நிமிஷம் முன்னால ஆபீஸ் போய்ச் சேந்துட்டா. வேற ஆளப் பாருங்க," என்று வைத்துவிட்டேன்.

மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"மேடம், கட் மாட்பேடி, கட் பண்ணாதீங்க. கழுத்துல இருந்த ஐடி கார்டுல உங்க நம்பர்..."

"சரி. உங்க ஹொய்சளா நம்பர் என்ன?"

பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. அதைக் கூட ரெக்கார்டு போட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

"ஹொய்சளா இன்னும் வரல மேடம். நான் டிராஃபிக். சிக்னல்ல நிக்கறவன். எனக்கு நம்பர் எல்லாம்..."

"சிக்னல்ல நிக்கறவர் எனக்கு ஏன் போன் பண்றீங்க? நல்லாப் படிச்சிட்டு வந்து ஏமாத்துங்க," என்றேன். சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன். பிறகு அந்த எண்ணை பிளாக் செய்தேன். கை தட்டாத குறைதான். ஒருவர் டீ வாங்கித் தந்தார்.

ஒன்பது மணிக்கு வகுப்புக்குப் போனேன். போன் பையில் சத்தமில்லாமல் இருந்தது. ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். நடுவே அந்த போன் கதையையும் சொன்னேன், குரலை மாற்றி நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இன்னும் என்னால் கடக்க முடியவில்லை.

பத்து மணிக்குப் பையைத் திறந்தால் கணவரிடமிருந்து பதினான்கு தவறிய அழைப்புகள்.

முன்னால் போன டெம்போ சட்டென்று நின்றதில் காப் அதில் மோதியிருக்கிறது. டிரைவருக்குக் கை முறிவு. என் மகளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, நெற்றியில் ஒன்பது தையல். கொஞ்ச நேரம் நினைவில்லை. நினைவு வந்ததும் அப்பாவின் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். ஹொய்சளா வந்து பின்சீட்டில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஏழு வயதில் எண்ணிக்கொண்டே போன வண்டிக்குள் அவள் ஏறியது அதுதான் முதல் முறை.

நான் போய்ச் சேரும்போது ஸ்கேன் எடுத்து முடித்திருந்தார்கள். தலையில் உள்காயம் இல்லை என்று டாக்டர் சொன்னார். மகள் கண்ணைத் திறந்து, "டிராஃபிக்காம்மா?" என்றாள். "ரொம்ப நேரம் ஆயிடுச்சே. அந்த போலீஸ்காரர் சொல்லிட்டே இருந்தார், அம்மா வந்துட்டே இருக்காங்கன்னு."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டு முறை நான் முகத்தில் அடித்தாற்போல் வைத்துவிட்ட அந்த மனிதர், ரோட்டில் கிடந்த என் மகளிடம், அம்மா வந்துகொண்டே இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்.

அன்று ஆஸ்பத்திரியிலேயே தங்கினேன். அந்த எட்டு ஐம்பது மெசேஜைப் பற்றி நினைக்க எனக்குத் தெம்பில்லை. ஜங்ஷனில் இருக்கும்போதே முன்கூட்டி அனுப்பியிருப்பாள் என்று மனத்துக்குள் ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவள் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் போன் அதிர்ந்தது.

"பாயின்ட் ஒண்ணு ஓகே."

ஏழு ஐம்பது. அவளைப் பார்த்தேன். கட்டுப் போட்ட நெற்றி, தொட்டிலில் தொங்குவதுபோல் துணியில் கட்டிய கை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் போன் நொறுங்கிப்போய் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் பயந்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டு இருபதுக்கு இரண்டாவது வந்தது. எட்டு ஐம்பதுக்கு, "ஆபீஸ் வந்தாச்சு மா. ஓவர்." ஆபீஸுக்கு வந்துவிட்டவள் என் எதிரில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

காபியோடு வந்த கணவரிடம் போனைக் காட்டினேன். அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் செட் பண்ணிக் குடுத்தேன்," என்றார். "மாசா மாசம் ரெண்டு பேருமா உக்காந்து டைம் போட்டு வெச்சிருவோம். போன் ஆஃப்ல இருந்தாக் கூட தானா போயிரும். நீ எட்டு ஐம்பதுக்கு மேல ரெண்டு நிமிஷம் ஆனா என்ன பண்ணுவன்னு எங்களுக்குத் தெரியாதா? காப் டிரைவருக்கே போன் போட்டவ."

"அவ லீவு போட்டா?"

"அன்னிக்கு மட்டும் அழிச்சிருவா. ஞாபகமா."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. நர்ஸ் வந்து வெளியே போய்ப் பேசச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு மகளிடம் நானே கேட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"எங்க கத்துக்கிட்டேன்னு நெனச்ச? நம்ம மெடிக்கல் ஷாப் வாசல்ல பீட் புக் தொங்கும் இல்ல. சின்ன வயசுல ஒருநாள் செம மழை. பீட் போலீஸ் மாமா நாலு ரவுண்டு கட்டத்துலயும் ஒரே நேரத்துல கையெழுத்துப் போட்டாரு. நான் பாத்துட்டேன். வாயில வெரல வெச்சு, சொல்லாதன்னு சாக்லேட் குடுத்தாரு. நீ குடை மடக்கிட்டு இருந்த."

"என்கிட்ட சொல்லவே இல்லியேடி."

"சாக்லேட் வாங்கிட்டேனே."

திட்டவேண்டும் என்று வாயெடுத்தேன். எனக்கு அந்த உரிமை இல்லை. அவள் முன்கூட்டிப் போட்ட கையெழுத்தை நான் நம்பினேன், அது அவள் தப்பு. நடுரோட்டிலிருந்து வந்த குரலை நம்பாதது யார் தப்பு? அந்த போலீஸ்காரர் சொன்னதையே மகள் உண்மையென்று வைத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "அம்மா பாவம், டிராஃபிக்ல மாட்டிட்டாங்க" என்று எனக்காகப் பேசினாள். ஒவ்வொரு முறையும் நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

பத்தாவது நாள், அந்த போலீஸ்காரரைப் பார்த்து நன்றி சொல்லவேண்டும் என்றாள். எண்ணைக் கணவர் வைத்திருந்தார். அவர் வந்தால் பேச்சுவாக்கில் எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்கு முன் நான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். பயத்தில்தான் சொன்னேன்.

மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன். முழுவதும் சொன்னேன். வைத்துவிட்டதை, ஹொய்சளா நம்பர் கேட்டதை, பிளாக் செய்ததை, டீ குடித்ததை, வகுப்பில் அந்தக் குரலில் நடித்துக் காட்டியதை.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் வழக்கம்போல் ஜோக் அடிப்பாள் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யாமல் கீழே இறங்கிப் போனாள். இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவள் அறைப் பக்கம் போகவில்லை. அவள் கதவுக்கு வெளியே நான் நிற்காமல் இருந்த இரண்டு நாள், அவள் பிறந்ததிலிருந்து அதுதான்.

அந்த போலீஸ்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். சீருடை இல்லாமல், கட்டம் போட்ட சட்டையில். ஐம்பது வயதிருக்கும். வடக்கே பீதர் பக்கத்து ஆள். நான் கை கூப்பினேன்.

"பத்துப் பேருக்குப் போன் பண்ணா ஆறு பேர் கட் பண்றாங்க மேடம்," என்றார் அவரே. "சில பேர் கெட்ட வார்த்தை சொல்வாங்க. நீங்க படிச்சிட்டு வான்னுதான் சொன்னீங்க. எங்க அம்மாவும் அதான் சொல்லிட்டிருந்தா."

கணவர் சத்தமாகச் சிரித்தார். மகள் சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றாள், தோள் வலித்து முனகினாள்.

"அந்த ஹொய்சளா நம்பர் ஏன் கேட்டீங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். வண்டி நம்பர், சளன், புலி, எல்லாம். அவர் தட்டிலிருந்த முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ். இதை எனக்கு யாரும் சொல்லல," என்றார். "எங்க பக்கம் அந்த ராஜா ஆளவே இல்லியே. நான் ஏதோ வண்டி கம்பெனி பேருன்னு நெனச்சேன்."

அவர் கிளம்பும்போது மகள் வாசல்வரை போய், "எங்கம்மா வந்துட்டே இருக்காங்கன்னு ஏன் சார் சொன்னீங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"வராம எங்க போவாங்க?" என்றார் அவர். "அட்ரஸ் தெரியாம சுத்திட்டு இருந்தாங்க, அவ்வளவுதான்."

அன்று மாலை மகள் சீப்போடு என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு கையால் பின்னல் போட முடியாது. நான் சிக்கெடுத்தேன். நெற்றித் தையல் பக்கம் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்க கெடந்தப்ப நீ வர்ற வழிய மனசுல எண்ணிட்டு இருந்தேம்மா," என்றாள், திரும்பாமல். "இப்ப மெட்ரோ ஸ்டேஷன், இப்ப டொம்லூர், இப்ப சில்க் போர்டுன்னு. நீ கெளம்பவே இல்லன்னு தெரிஞ்சதும் அதெல்லாம் சும்மாவே எண்ணிருக்கேன்னு ஆயிடுச்சு."

"மன்னிச்சுடு கண்ணு."

"நானும்தான் பொய்யா அனுப்பினேன். இனிமே மெசேஜ் கெடயாது. நெஜமும் கெடயாது, பொய்யும் கெடயாது. நீ என்ன கேட்டாலும் கெடயாது." பின்னல் முடிந்ததும் சொன்னாள்: "ஆனா போன் வந்தா எடும்மா. யாரா இருந்தாலும். பேசி முடிக்க விடு."

அவள் வேலைக்குத் திரும்பி ஒன்றரை மாதம் ஆகிறது. காலையில் எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை போனைக் கையை விட்டுக் கீழே வைப்பதில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்வதில்லை. வருகிற போனை எல்லாம் எடுக்கிறேன். வீட்டுமனை விற்கிறவர்கள், இன்சூரன்ஸ்காரர்கள், என் பெயரில் ஏதோ பார்சல் மாட்டியிருக்கிறது என்கிற போன வாரத்து ஆசாமி. இவன் போலி என்று முதல் வரியிலேயே தெரிந்தது. ஆனாலும் அவன் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். கடைசியில், "என் மகளைப் பத்தி ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டேன். இல்லை என்றான். நன்றி சொல்லி வைத்தேன்.